மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ்

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் தலைமையில் வந்த ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழும்பிய ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிச் சென்ற பின்னர், அடுத்த அபாயம் திருகோணமலைக்கே என்று உணர்ந்த பிரிட்டிஷ் கடற்படையினர், அத்துறைமுகத்திலிருந்த கப்பல்களை 8-ஆம் தேதி இரவோடிரவாக வெளியேற்றினர்.

அவற்றுள் ஒன்று ஹெர்மிஸ். விமானந்தாங்கியாகவே ஆதிமுதல் திட்டமிட்டு, 1918-இல் கட்டத் தொடங்கிய கப்பல் அது. எனினும் அன்று அதன் நீண்ட மேல்தளத்தில் ஒரு விமானமும் இல்லை. அதற்குரியவை கரையிலேயே நின்றுவிட்டன. இதை நினைக்குந்தோறும் மனம் பதறுகிறது.

மறுநாள் காலை திருகோணமலை குண்டுவீச்சுக்கு இலக்காகிக்கொண்டிருந்த வேளையில், மட்டக்களப்புக்கு அருகே சென்ற ஹெர்மிஸை வேவு விமானமொன்று கண்டு செய்தி அனுப்ப, திரள் திரளாக வந்த விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்து குண்டுகளைப் பொழிந்தன. பீரங்கிகளை மாத்திரமே துணையாகக் கொண்டு போராடிய கப்பல், சொற்ப நேரத்தில் சமுத்திரத்தில் ஆழ்ந்தது. உடன் சென்ற வாம்பயர் என்னும் நாசகாரிக் கப்பலும் மூழ்கிற்று. உதவி விமானங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உயிர் தப்பிய சுமார் 600 பேரை வீட்டா என்னும் ஆஸ்பத்திரிக் கப்பல் மீட்டது; ஹெர்மிஸில் மாண்டவர்கள் 307 பேர்.

துறைமுகத்தை விட்டு வெளியேற்றியது விவேகமான காரியமே. ஆகாய ரக்ஷணையின்றிக் கடலில் விட்டதுதான் பிழை.