சாகித்திய அகாடமி விருதும் தமிழ் முஸ்லிம் படைப்பாளிகளும்

ஒவ்வோர் ஆண்டும் சாகித்திய அகாடமி விருது அறிவிக்கப்படும்போது, 'நம் சமுதாயத்தில் யாராவது இந்த விருதைப் பெற்றிருக்கிறார்களா?' என்ற கேள்வி எழுகிறது. பெற்றிருக்கிறார்கள். ஆனால் அவர்களின் பெயர்களும் நூல்களும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியவில்லை. எனவே இவ்விருதின் வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

விருதின் தொடக்கம்

சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். அவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான் இசை, நாடகம், நடனத்துக்கான சங்கீத நாடக அகாடமியும், இலக்கியத்துக்கான சாகித்திய அகாடமியும், ஓவியம், சிற்பத்துக்கான லலித் கலா அகாடமியும் பிறந்தன. சாகித்திய அகாடமி 12.3.1954 அன்று டெல்லியில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஜவஹர்லால் நேரு.

1955 முதல் விருது வழங்கப்படுகிறது. தொடக்கத்தில் 5,000 ரூபாயாக இருந்த பரிசுத் தொகை படிப்படியாக உயர்ந்து, 2009 முதல் ஒரு லட்சம் ரூபாயாக உள்ளது. இப்போது 24 மொழிகளுக்கு விருது உண்டு. தமிழில் முதல் விருதை 'தமிழின்பம்' நூலுக்காக ரா.பி.சேதுப்பிள்ளை பெற்றார். 1957, 1959, 1960 போன்ற சில ஆண்டுகளில் தமிழுக்கு விருது வழங்கப்படவே இல்லை.

விருது பெற்றவர்கள்

தமிழில் ஒரு முஸ்லிம் எழுத்தாளர் இவ்விருதைப் பெற 42 ஆண்டுகள் ஆயின. 1997ல் தோப்பில் முஹம்மது மீரான் 'சாய்வு நாற்காலி' நாவலுக்காகப் பெற்றார். குமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணத்தில் 1944ல் பிறந்த அவர், மலையாள வழியில் படித்தவர். நெல்லை பேட்டையில் வசித்து, மிளகாய் வத்தல் வியாபாரம் செய்துகொண்டே எழுதினார். பழம்பெருமை பேசிக்கொண்டு, வீட்டுப் பொருட்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்று அழியும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கதையே அந்த நாவல். அவருடைய முதல் நாவலான 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை', நம் சமுதாய இதழான 'முஸ்லிம் முரசு'வில் தொடராக வந்து, 1988ல் நூலானது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அவர் 2019ல் மறைந்தார்.

1999ல் கவிக்கோ அப்துல் ரகுமான் 'ஆலாபனை' கவிதை நூலுக்காக விருது பெற்றார். 1937ல் மதுரையில் பிறந்து, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். தமிழ்நாடு வக்ஃபு வாரியத் தலைவராகவும் பணியாற்றினார். 2017ல் மறைந்தார்.

 மொழிபெயர்ப்புக்கான அகாடமி விருதை, 'திருடன் மணியன்பிள்ளை' என்ற மலையாள நூலைத் தமிழாக்கிய குளச்சல் மு.யூசுஃப் 2018ல் பெற்றார். கவி கா.மு.ஷெரீப், 'இஸ்லாமியக் கலைக் களஞ்சியம்' தந்த எம்.ஆர்.எம்.அப்துற் றஹீம் போன்ற பெரியவர்களுக்கு இவ்விருது கிடைக்கவில்லை.

நம் பகுதியின் பங்கு

வத்திராயிருப்பு, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி வாசகர்களுக்கு ஒரு செய்தி. நம் விருதுநகர் மாவட்டம் இவ்விருதுக்குப் புதிதல்ல. மேலாண்மறைநாட்டைச் சேர்ந்த மேலாண்மை பொன்னுச்சாமி 2007ல் 'மின்சாரப் பூ' சிறுகதைத் தொகுப்புக்காகப் பெற்றார். ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்து, ஊரில் கடை நடத்தியவர் அவர். மல்லாங்கிணறு எஸ்.ராமகிருஷ்ணன், கரிசல் மண்ணின் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றிய 'சஞ்சாரம்' நாவலுக்காக 2018ல் பெற்றார். வத்தல் வியாபாரியும் கடைக்காரரும் தங்கள் ஊரின் வாழ்க்கையை எழுதி டெல்லி வரை சென்றிருக்கிறார்கள். பெரிய பட்டமோ பெரிய நகரமோ இதற்குத் தேவைப்படவில்லை.

நாம் செய்ய வேண்டியது

இவ்விருது நூலுக்கே வழங்கப்படுகிறது. குறிப்பிட்ட ஐந்தாண்டு காலத்துக்குள் முதன்முதலாக வெளிவந்த நூல்களே பரிசீலனைக்கு வரும். பட்டியலில் இருந்து சில நூல்கள் தேர்வாகி, இறுதியில் மூவர் கொண்ட நடுவர் குழு முடிவு செய்கிறது. ஆகவே எவ்வளவு நன்றாக எழுதினாலும், நூலாக வராத எழுத்து கணக்கில் வராது. விழா மலர்களிலும் பழைய டைரிகளிலும் முடங்கிக் கிடக்கும் நம்மவர் எழுத்துகளை நூலாக்குவது முதல் வேலை.

அடுத்தது வாசிப்பு. வாங்குவோர் இல்லாவிட்டால் எழுதுவோரும் இருக்க மாட்டார்கள். பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு புத்தக அலமாரி வைக்கலாம். நிக்காஹ் அன்பளிப்பில் ஒரு நூலைச் சேர்க்கலாம். ஊர் நூலகத்தில் மேலே சொன்ன நூல்களைக் கேட்டு வாங்கலாம்.

முதல் வஹீயே ஓதுவதையும் எழுதுகோலையும் முன்வைத்த மார்க்கம் நம்முடையது. விருது கிடைப்பதும் கிடைக்காததும் இரண்டாம் பட்சம். நம் தெருக்களின் வாழ்க்கையை நாம் எழுதாவிட்டால், அறியாதவர்கள் எழுதுவதே வரலாறாகிவிடும். எழுதும் ஆர்வமுள்ள நம் பிள்ளைகளுக்குத் துணை நிற்போம், இன்ஷா அல்லாஹ்.