லெய்டனில் ஆனைமங்கலம்

ஐரோப்பாவின் பழம்பெரு நகரங்களைக் காணச் செல்வோர் பெரும்பாலும் உரோமையும் பாரிசையுமே நாடுவர். நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரைத் தேடிச் செல்லும் தமிழர் சிலரே. பள்ளி விடுமுறையொன்றில் நானும் என் துணைவியாரும் அந்நகருக்குச் சென்றோம். எங்களை அங்கே அழைத்துச் சென்றது, புக்கிட் பாஞ்சாங்கில் என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட வினா.

முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பை அன்று நடத்திக்கொண்டிருந்தேன். 1025-ஆம் ஆண்டில் சோழர் கலங்கள் கடல் கடந்து வந்ததையும், சீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம் எனப் பல ஊர்கள் வீழ்ந்ததையும், கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் சிறைப்பட்டதையும் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறேன். சொல்லும்போது குரல் தானே சற்று உயரும். தமிழாசிரியர்கள் இதை அறிவார்கள். அம்மாணவி எழுந்து, "ஐயா, அவர்கள் இங்கே வந்து வென்றார்கள். இங்கிருந்தவர்கள் அங்கே எதற்கும் போகவில்லையா?" என்று கேட்டாள். போனார்கள் என்பதை நான் அறிவேன். ஆனால் அதனை ஒருநாளும் பாடத்தில் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. அவ்வினாவுக்குரிய விடையின் மூலச் சான்று அப்போது லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தது.

லெய்டன் கால்வாய்களின் நகரம். ஓவியர் ரெம்பிராண்ட் 1606-இல் பிறந்த ஊர். நகரின் நடுவே மேட்டின்மீது வட்டமான பழங்கோட்டை ஒன்று நிற்கிறது. அதன் மதிலில் ஏறிப் பார்த்தால் செந்நிற ஓட்டுக்கூரைகளும் பேராலயங்கள் இரண்டும் தெரியும். 1574-இல் இசுபானியப் படை நகரைச் சூழ்ந்து முற்றுகையிட்டது. ஊர் மக்கள் பசியால் மடிந்தும் பணியவில்லை. அணைகள் உடைக்கப்பட்டு வயல்களில் வெள்ளம் ஏற, மீட்புப்படை படகுகளிலே வந்து அக்டோபர் 3-ஆம் நாள் நகரை விடுவித்தது. மறு ஆண்டே அங்குப் பல்கலைக்கழகம் தோன்றியது. வரிவிலக்கு வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா என்று ஆரஞ்சு இளவரசர் வில்லியம் கேட்டதாகவும், மக்கள் பல்கலைக்கழகத்தையே விரும்பியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. மெய்யோ பொய்யோ, ஓர் ஊர் தன்னைப் பற்றி இப்படிக் கதை சொல்லிக்கொள்வதே பெருமைதான்.

இராப்பன்பர்க்குக் கால்வாய்க் கரையிலுள்ள பழைய கல்விக்கூடத்தையும் 1590-இல் தொடங்கப்பெற்ற மூலிகைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழக நூலகத்தின் வாயிலை அடைந்தோம். நாங்கள் சென்றபோது ஆனைமங்கலச் செப்பேடுகள் அந்நூலகத்தின் காப்பறையில் இருந்தன. முன்னரே எழுதி இசைவு பெற வேண்டும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பிழை என்னுடையது. கடல் பல கடந்து வந்து, ஒரு சுவருக்கு இப்பால் நிற்க நேர்ந்தது. நீர்க்கரையில் ஓர் இருக்கையில் அமர்ந்தோம். எபிகிராபியா இண்டிகா 22-ஆம் தொகுதியில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் வெளியிட்ட பதிப்பின் படியைக் கையோடு கொண்டு சென்றிருந்தேன். அதை விரித்துப் படிக்கலானேன்.

பெரிய லெய்டன் செப்பேடுகள் எனப்படுபவை 21 ஏடுகள். ஐந்து வடமொழியிலும் பதினாறு தமிழிலும் அமைந்தவை. எல்லாவற்றையும் கோத்த வளையத்தில் இராசேந்திரனின் முத்திரை இருக்கிறது. அவை கூறும் செய்தி இது. சைலேந்திர மரபினனும் கடாரத்துக்கும் சீவிசயத்துக்கும் அரசனுமாகிய மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எடுப்பித்தான். அவ்விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். அவ்வூரிலிருந்து விகாரத்துக்கு ஆண்டுதோறும் வரவேண்டிய நெல் 8,943 கலத்துக்கு மேற்பட்டது. இராசராசனோ சிவனடியான், தஞ்சையில் பெரிய கோயிலை எழுப்பியவன். அவனே புத்தப் பள்ளிக்கு ஓர் ஊரையே எழுதி வைத்தான்.

தமிழ்ப் பகுதியை விடாமல் படித்தால் அரசு ஒன்று நடக்கும் முறை கண்முன் விரிகிறது. மன்னன் வாய்மொழி ஆணை ஓலையாகிறது; அலுவலர் பலர் கையொப்பமிடுகின்றனர்; நாட்டார்க்குத் திருமுகம் செல்கிறது. பெண் யானை ஒன்றை எல்லை நெடுக நடத்திச் சென்று, கல்லும் கள்ளியும் நாட்டி நிலத்தை அளந்து கொடுக்கின்றனர். வாய்க்கால், வயல், அண்டை ஊர் என எல்லைகளின் பெயர்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. நான் வாசிக்க வாசிக்கத் துணைவியார் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, "ஏங்க, ஆனைமங்கலம் எங்க அப்பா ஊருக்குப் பக்கத்துலதானே!" என்றார். அவருடைய தந்தையார் நாகப்பட்டினத்தை அடுத்த சிற்றூரினர். இளமையில் நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்தவர். மாறவிசயோத்துங்கவர்மன் ஆட்கள் மேற்கு நோக்கிச் சென்ற அதே கடலை, அவர் கிழக்கு நோக்கிக் கடந்திருக்கிறார்.

அறத்தை வாக்களித்தவன் இராசராசன்; அவன் மறைந்தபின் அதை அழியாதபடி செம்பில் வெட்டுவித்தவன் மகன் இராசேந்திரன். அந்த இராசேந்திரனே 1025-இல் அதே கடாரத்தின்மீது படை செலுத்தினான். காரணம் கடல் வாணிக உரிமை என்பர் ஒரு சாரார்; புகழ் வேட்கை என்பர் மற்றொரு சாரார். இரண்டும் இருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. எதுவாயினும், கொடையைச் சொல்லாமல் படையை மட்டும் சொல்லும் பாடம் அரைப் பாடமே. அந்த அரைப் பாடத்தை நான் பல்லாண்டு நடத்தியிருக்கிறேன்.

போருக்குப் பின் விகாரம் என்னவாயிற்று? இதற்கு விடை சிறிய லெய்டன் செப்பேடுகளில் உள்ளது. மூன்றே ஏடுகள், முதற் குலோத்துங்கனின் 20-ஆம் ஆட்சியாண்டாகிய 1090-ஐச் சார்ந்தவை. கடாரத்து அரசன் அனுப்பிய தூதர் இருவர், இராசவித்தியாதர சாமந்தன், அபிமானோத்துங்க சாமந்தன் என்போர், சோழன் முன் வந்து நாகப்பட்டினத்துப் பள்ளிகளின் நிலங்களுக்கு வரிவிலக்கு வேண்டினர். அவனும் அளித்தான். அப்போது அப்பள்ளிகளுக்கு வழங்கிய பெயர்கள் இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி என்பன. கடாரத்தைத் தாக்கியவனின் பெயரைத் தாங்கிய பள்ளிக்காகக் கடாரத்துத் தூதர்களே வந்து வேண்டிநிற்கின்றனர்! இவ்வரிகளைப் படித்தபோது நான் சற்று நேரம் மேலே படிக்கவில்லை. இதற்கு ஈராண்டு முன்பு, 1088-இல், சுமத்திராவின் பாருசுப் பகுதியில் தமிழ் வணிகக் குழுவாகிய ஐந்நூற்றுவர் தமிழில் கல்வெட்டுப் பொறித்திருக்கின்றனர். போர் நடந்து அறுபதாண்டுகள் கழிந்த பின்னரும் இரு கரைக்கும் போக்குவரவு இருந்தது என்பதற்கு இவற்றினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பதினான்காம் நூற்றாண்டில் வாங் தாயுவான் என்னும் சீன வணிகர் தம் கடற்பயண நூலை எழுதினார். பழைய சிங்கப்பூராகிய துமாசிக்கைப் பற்றி எழுதிய அதே நூலில், நாகப்பட்டினத்தருகே நின்ற மண் கோபுரம் ஒன்றையும் அதில் 1267-ஆம் ஆண்டுக்குரிய சீன எழுத்துகள் இருந்ததையும் குறிப்பிடுகிறார். நம் தீவும் அத்துறைமுகமும் ஒரே நூலில் இடம்பெற்றது இன்றைய மாணவர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்க்குச் சூடாமணி விகாரம் புதிதன்று. ஆயின் அது கதைக்காகப் புனைந்த இடமன்று என்று சொன்னால் வியப்போர் உளர்.

ஏடுகள் லெய்டனுக்கு வந்தது எங்ஙனம்? 1658-இல் ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். 1690 முதல் சோழமண்டலக் கரையில் அதுவே அவர்களின் தலைமையிடம். 1781-இல் ஆங்கிலேயர் அதைப் பறித்தனர். இடைப்பட்ட காலத்தில் ஏடுகள் ஓர் ஒல்லாந்தக் குடும்பத்தின் கைக்குச் சென்று, 1862-இல் பல்கலைக்கழகத்தை அடைந்தன. நாகப்பட்டினத்தில் எஞ்சிநின்ற பழைய செங்கற் கோபுரமோ 1867-இல் இடிக்கப்பட்டது. அங்கே மண்ணைத் தோண்டியபோது கிடைத்த புத்தர் செம்புத் திருமேனிகள் நூற்றுக்கணக்கானவை.

வாங்கியதோ, எடுத்துச் சென்றதோ, பிறர் ஊர்ச் செல்வம் தாயகம் திரும்புவது இப்போது நடக்கிறது. சாவகத்துப் பிரக்ஞாபாரமிதை சிலை 1978-இல் லெய்டனிலிருந்து இந்தோனேசியாவுக்குத் திரும்பியது. ஆனைமங்கல ஏடுகளையும் இந்தியா கேட்டது. எங்கே இருப்பது முறை என்று துணைவியாரைக் கேட்டேன். "நாகப்பட்டினத்துலதான்," என்றார், தயங்காமல். நூலகம் காத்துத் தந்திராவிட்டால் உருக்கப்பட்டிருக்கலாமே என்றேன். "காத்ததுக்கு நன்றி சொல்லிட்டு வாங்கிக்கணும்," என்றார். மறுத்துரைக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மழை தூறியது. படிகளை மடித்து வைத்துக்கொண்டு தொடர்வண்டி நிலையம் நோக்கி நடந்தோம்.

விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பிய முதல் நாளே அம்மாணவியை எழுப்பி விடையைச் சொன்னேன். கரும்பலகையில் 1025-க்கு மேலே 1006 என்றும், கீழே 1090 என்றும் எழுதினேன். அவள் மூன்று எண்களையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "அப்படியானால் அந்தத் தூதர்கள் எந்த மொழியில் பேசியிருப்பார்கள், ஐயா?" என்று கேட்டாள்.