லாக்டோசு சகிப்பின்மை

லாக்டோசு சகிப்பின்மை அல்லது பாற்சர்க்கரை தாளாமை என்பது, பாலில் இயற்கையாக உள்ள லாக்டோசு என்னும் சர்க்கரையைச் சிறுகுடலால் முழுமையாகச் செரிக்க இயலாததால் வயிற்று உப்புசம், வாயு, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு முதலிய அறிகுறிகள் தோன்றும் நிலையாகும். லாக்டோசைப் பகுக்கும் லாக்டேசு என்னும் நொதி போதிய அளவில் உருவாகாமையே இதற்குக் காரணம். இது தொற்றுநோய் அன்று. குடலுக்கு நிலையான சேதத்தையும் விளைவிப்பதில்லை. உலகின் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்நொதி குறைவாகவே உள்ளது. ஆயினும் அவர்கள் அனைவருக்கும் அறிகுறிகள் தோன்றுவதில்லை.

இந்நிலை நிரந்தரமானதா என்பது அதன் வகையைப் பொறுத்தது. மரபுவழி வரும் நொதிக்குறைவு வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். குடல் நோயினால் ஏற்படும் குறைவு, அந்நோய் நீங்கியபின் பெரும்பாலும் மறைந்துவிடும். நிரந்தரமான வகையிலும் நொதிக்குறைவுதான் நிலையானது. அறிகுறிகள் உட்கொள்ளும் அளவையும் முறையையும் பொறுத்து மாறுபடுகின்றன.

செரிமானமும் அறிகுறிகளும்

லாக்டோசு என்பது குளுக்கோசு, காலக்டோசு ஆகிய இரு எளிய சர்க்கரைகள் இணைந்த இரட்டைச் சர்க்கரை ஆகும். இவ்விணைப்பு பிரிக்கப்பட்டால் மட்டுமே அது குருதியில் உறிஞ்சப்படும். இப்பணியைச் செய்யும் லாக்டேசு, சிறுகுடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகளின் மேற்பரப்பில் அமைந்துள்ளது.

லாக்டேசு போதாதபோது, செரிக்கப்படாத லாக்டோசு பெருங்குடலைச் சென்றடைகிறது. அங்கு அது தன்பால் நீரை ஈர்ப்பதால் மலம் இளகுகிறது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதனை நொதிக்கச் செய்வதால் ஐதரசன், கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் ஆகிய வளிமங்களும் கரிம அமிலங்களும் உருவாகின்றன. வயிற்றுப் பொருமல், வயிற்றிரைச்சல், வலி ஆகியவை இவற்றின் விளைவுகளே. பொதுவாக, பால் அருந்திய அரை மணி முதல் சில மணி நேரத்திற்குள் அறிகுறிகள் தொடங்குகின்றன. சிலருக்குக் குமட்டலும் உண்டாகும்.

வகைகளும் அவற்றின் நிலைப்பும்

முதல்நிலைக் குறைவு: இதுவே மிகப் பரவலான வகை. பாலூட்டிகளின் குட்டிகளில் தாய்ப்பால் மறந்தபின் லாக்டேசு உற்பத்தி குறைவது இயல்பு. மனிதரிலும் பெரும்பாலானோருக்குக் குழந்தைப் பருவத்தில் இக்குறைவு படிப்படியாகத் தொடங்குகிறது. அறிகுறிகளோ பலருக்குப் பதின்ம வயதிலோ அதற்குப் பின்னரோதான் தெரியவருகின்றன. நொதி அறவே அற்றுப்போவதில்லை, சிறிதளவு எஞ்சியிருக்கும். இவ்வகை நிரந்தரமானது. குறைந்துவிட்ட நொதி உற்பத்தியைத் திரும்பப் பெருக்கும் மருந்து எதுவும் இல்லை.

இரண்டாம்நிலைக் குறைவு: சிறுகுடலின் உட்சுவர் பாதிக்கப்படும்போது அதன் மேற்பரப்பிலுள்ள லாக்டேசும் இழக்கப்படுகிறது. ரோட்டா தீநுண்மத்தால் வரும் வயிற்றுப்போக்கு, சியார்டியா ஒட்டுண்ணித் தொற்று, கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோய், குரோன் நோய், கடும் ஊட்டக்குறைவு, புற்றுநோய்க்கான வேதிச்சிகிச்சை ஆகியன இதற்குரிய காரணங்களுள் சில. மூலகாரணம் நீங்கிக் குடற்சுவர் புதுப்பிக்கப்பட்டபின், சில வாரங்களிலோ சில மாதங்களிலோ நொதி மீண்டும் உருவாகிறது. எனவே, வயிற்றுப்போக்கிற்குப் பின் பால் ஒத்துக்கொள்ளாத ஒருவர் வாழ்நாள் முழுவதும் பாலை விலக்கவேண்டியதில்லை.

குறைமாதக் குழந்தைகளின் குறைவு: கருவில் லாக்டேசு பெரும்பாலும் கருப்பக் காலத்தின் இறுதி மூன்று மாதங்களில்தான் பெருகுகிறது. ஆகையால் முன்னதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அது குறைவாக இருக்கலாம். குடல் முதிர்ச்சியடைந்தவுடன் இந்நிலை நீங்கிவிடும்.

பிறவிக் குறைவு: பிறந்தது முதலே லாக்டேசு இல்லாத மிக அரிய மரபுநோய் இது. தாய்ப்பால் பருகத் தொடங்கிய முதல் நாட்களிலேயே கடுமையான நீர்த்த வயிற்றுப்போக்கு ஏற்படும். பின்லாந்தில் இது ஒப்பீட்டளவில் மிகுதி. அங்கும் ஏறத்தாழ 60,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே காணப்படுகிறது. இது நிரந்தரமானது. லாக்டோசு அற்ற உணவு அளிக்கப்பட்டால் குழந்தை இயல்பாக வளரும்.

மரபியலும் பரவலும்

லாக்டேசை உருவாக்கும் மரபணு இரண்டாம் நிறப்புரியில் உள்ளது. இதன் செயற்பாட்டை, அருகிலுள்ள மற்றொரு மரபணுவினுள் அமைந்த ஒரு பகுதி கட்டுப்படுத்துகிறது. இப்பகுதியில் ஏற்பட்ட ஒற்றை எழுத்து மாற்றம் ஒன்று, வயதுவந்தபின்னரும் லாக்டேசு உற்பத்தியாகக் காரணமாகிறது என்பதைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2002 இல் கண்டறிந்தனர். கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியா ஆகிய பகுதிகளின் கால்நடை வளர்ப்போரிடையே இதே பண்பு வேறு மாற்றங்களால் தனித்தனியே தோன்றியுள்ளது. ஆகவே, மனித இனத்தின் பொதுநிலை லாக்டேசு குறைவதே. அது தொடர்ந்து உற்பத்தியாவதே பிற்காலத்தில் தோன்றிய மாற்றம் ஆகும்.

வட ஐரோப்பாவில் பெரும்பான்மையோர் வயதுவந்தபின்னரும் பாலைச் செரிக்கின்றனர். கிழக்கு ஆசியாவில் நிலைமை இதற்கு நேர்மாறானது. இந்தியாவிலும் வேறுபாடு உண்டு. 1981 இல் வெளியான ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட தென்னிந்தியருள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டோசு செரிமானம் குறைந்திருந்தது. வட இந்தியரில் இது கால் பங்கிற்குச் சற்று மேல் என்ற அளவிலேயே இருந்தது.

பால் ஒவ்வாமையிலிருந்து வேறுபாடு

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது ஆபத்தானது. பால் ஒவ்வாமை என்பது பாலிலுள்ள புரதத்திற்கு எதிராக உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு செயற்படுவதாகும். தோல் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், மலத்தில் குருதி ஆகியன அதன் அறிகுறிகளாக இருக்கலாம். மிகச் சிறிதளவு பாலும் உயிருக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடும். லாக்டோசு சகிப்பின்மை சர்க்கரையின் செரிமானம் தொடர்பானது மட்டுமே; இதற்கும் நோயெதிர்ப்பு அமைப்பிற்கும் தொடர்பில்லை. லாக்டோசு நீக்கிய பாலில் புரதம் அப்படியே இருப்பதால், அது பால் ஒவ்வாமை உடையோர்க்கு ஏற்றதன்று.

கண்டறிதல்

ஐதரசன் மூச்சுச் சோதனை பரவலாகப் பயன்படுகிறது. வெறும் வயிற்றில் 25 முதல் 50 கிராம் லாக்டோசு அளிக்கப்பட்டு, மூச்சில் வெளிவரும் ஐதரசன் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளவிடப்படும். மனித உயிரணுக்கள் ஐதரசன் வளிமத்தை உருவாக்குவதில்லை. அது குடல் பாக்டீரியாக்களிடமிருந்தே வருகிறது. எனவே தொடக்க அளவைவிடப் பத்து இலட்சத்தில் 20 பங்கு அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் லாக்டோசு செரிக்கப்படவில்லை என்று கொள்ளப்படும். லாக்டோசு அளித்தபின் குருதிக் குளுக்கோசு உயர்கிறதா என்று பார்ப்பது மற்றொரு முறை. குழந்தைகளுக்கு மலத்தின் அமிலத்தன்மை சோதிக்கப்படுகிறது.

மரபணுச் சோதனை முதல்நிலைக் குறைவுக்கான இயல்பை மட்டுமே காட்டும். தற்காலிகமான இரண்டாம்நிலைக் குறைவை அதனால் அறியமுடியாது. வீட்டில், பாற்பொருட்களை இரண்டு வாரம் நிறுத்திப் பின்னர் மீண்டும் சேர்த்துப் பார்ப்பதும் பயன்தரும். எடைக்குறைவு, மலத்தில் குருதி, காய்ச்சல், இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியன லாக்டோசு சகிப்பின்மையின் அறிகுறிகள் அல்ல. இவை இருப்பின் மருத்துவரை நாடவேண்டும்.

சமாளிக்கும் முறைகள்

அளவறிந்து உட்கொள்ளல்: பசும்பாலில் 100 மில்லிலீட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் லாக்டோசு உள்ளது. லாக்டேசு குறைந்தவர்களுள் பெரும்பாலோர், ஒரு வேளைக்கு ஏறத்தாழ 12 கிராம் வரை, அதாவது ஒரு குவளைப் பாலின் அளவு வரை, அறிகுறியின்றியோ சிறிய அறிகுறிகளுடனோ தாங்கிக்கொள்கின்றனர். வெறும் வயிற்றில் அருந்தாமல் உணவுடன் அருந்தினாலும், ஒரு நாளின் அளவைச் சிறிது சிறிதாகப் பிரித்து அருந்தினாலும் தொல்லை குறையும்.

பழக்கப்படுத்தல்: தொடர்ந்து பால் அருந்துவதால் லாக்டேசு கூடுவதில்லை. ஆனால் சிறிதளவில் தொடங்கி நாள்தோறும் அருந்தி வந்தால், பெருங்குடலின் பாக்டீரியாத் தொகுதி அதற்கேற்ப மாறிச் சிலருக்கு அறிகுறிகள் குறைகின்றன. பாலை நிறுத்திவிட்டால் இப்பயன் நீங்கக்கூடும்.

தயிரும் பிற பாற்பொருட்களும்: தயிர் உறையும்போது லாக்டோசின் ஒரு பகுதி லாக்டிக் அமிலமாக மாறுகிறது. மேலும் தயிரில் உயிருடனுள்ள பாக்டீரியாக்களின் நொதி, குடலிலும் லாக்டோசைப் பகுக்க உதவுகிறது. நீர் விட்டுக் கடைந்த மோரில் லாக்டோசின் செறிவு இன்னும் குறைவு. நன்கு முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் நெய்யிலும் லாக்டோசு மிகவும் அற்பம். மாறாக, பால்மாவு, சுண்டிய பால், பால்கோவா ஆகியவற்றில் லாக்டோசு செறிந்திருக்கும்.

லாக்டோசு நீக்கிய பாலும் நொதி மாத்திரைகளும்: பாலுடன் லாக்டேசைச் சேர்த்து, லாக்டோசை முன்கூட்டியே பகுத்து லாக்டோசு நீக்கிய பால் தயாரிக்கப்படுகிறது. அது சாதாரணப் பாலைவிடச் சற்று இனிப்பாக இருக்கும். கால்சியமும் புரதமும் குறைவதில்லை. லாக்டேசு மாத்திரைகளைப் பாலுணவின் முதற்கவளத்துடன் உட்கொள்ளவேண்டும். அவை அந்தவேளை உணவிற்கு மட்டுமே உதவும், குறையைக் குணப்படுத்துவதில்லை.

கால்சியம்: பாலை முற்றிலும் விலக்குவோர்க்கு உண்மையான ஆபத்து கால்சியக் குறைவாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வயதுவந்தோர்க்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் சிறுமீன்கள் ஆகியனவும் சிறந்த மூலங்கள். பசலைக்கீரையில் கால்சியம் இருப்பினும், அதிலுள்ள ஆக்சலேட்டு அதன் உறிஞ்சலைத் தடுக்கிறது.

குழந்தைகளும் தாய்ப்பாலும்

தாய்ப்பாலில் 100 மில்லிலீட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம் லாக்டோசு உள்ளது; இது பசும்பாலில் உள்ளதைவிட மிகுதி. இச்சர்க்கரை தாயின் மார்பகத்திலேயே உருவாக்கப்படுவதால், தாய் பாலுணவைத் தவிர்ப்பதால் அதன் அளவு குறையாது. முதல்நிலைக் குறைவு பச்சிளங்குழந்தைகளைப் பாதிப்பதில்லை. வயிற்றுப்போக்கின்போதும் தாய்ப்பாலைத் தொடரவேண்டும் என்பதே உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று கருதித் தாய்ப்பாலை நிறுத்துவது, நீரிழப்பிற்கும் ஊட்டக்குறைவிற்கும் வழிவகுக்கும். வயிற்றுப்போக்கு 14 நாட்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரின் ஆலோசனை இன்றியமையாதது.

தவறான கருத்துகள்

பாலை நன்கு காய்ச்சுவதால் லாக்டோசு நீங்கிவிடும் என்பது தவறு. கொதிநிலை வெப்பத்தில் அது சிதைவதில்லை. கொழுப்பு நீக்கிய பாலிலும் லாக்டோசு குறைவதில்லை. ஆட்டுப்பால், எருமைப்பால், நாட்டுப் பசுவின் பால் ஆகிய அனைத்திலும் அது உள்ளது. தேங்காய்ப்பாலிலும் சோயாப்பாலிலும் லாக்டோசு கிடையாது. ஆயினும் தேங்காய்ப்பால் கால்சியத்தில் பாலுக்கு ஈடாகாது. மாத்திரைகள் சிலவற்றில் நிரப்புப்பொருளாக லாக்டோசு சேர்க்கப்படுவதுண்டு. அதன் அளவு மிகச் சிறிதாதலால் பெரும்பாலோர்க்கு அறிகுறிகள் தோன்றுவதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

பால்
தயிர்
நொதி
சீலியாக் நோய்
உணவு ஒவ்வாமை