கடலோர நெடுஞ்சாலை கற்பிக்கும் பாடம்

பாதையை அரபியில் 'தரீக்' என்பர். தட்டுதல், அடித்தல் என்னும் பொருள் கொண்ட வேரிலிருந்து பிறந்தது அச்சொல். வழிச்செல்வோரின் காலடிகள் மிதித்து மிதித்து உண்டாக்கிய தடம் என்பது அதன் உட்பொருள். நம் தமிழிலும் 'தடம்' என்னும் சொல் காலடிச் சுவட்டையும் வழியையும் ஒருங்கே குறிப்பது காண்க. இவ்வாறு பிறந்த பாதை, மண் சரிந்தால் சற்றே விலகி வேறிடம் தேடிக்கொள்ளும். வரைபடத்தில் கோடு கிழித்து அமைக்கும் சாலைக்கு அந்த நெகிழ்ச்சி எளிதில் வாய்ப்பதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து முதலாம் எண் நெடுஞ்சாலை இதற்குத் தக்க சான்றாகும்.

கார்மலுக்கும் சான் சிமியோனுக்கும் இடையே, பிக் சர் எனும் நாட்டுப்புறப் பகுதியில், மலைத்தொடர் பசிபிக் பெருங்கடலில் செங்குத்தாக இறங்குகிறது. முற்காலத்தில் அங்கிருந்த வண்டிப்பாதை, கடலருகே பள்ளத்தாக்குகள் குறுக்கிட்டமையால் மலைக்குள் வளைந்து சென்றது. மழைக்காலத்தில் அதுவும் பெரும்பாலும் பயன்படாது. பின்னர்ப் புதிய சாலைப்பணி தொடங்கிற்று. வெடிவைத்து மலையைத் தகர்த்தனர். சான் குவென்டின் சிறைக்கைதிகள் நாளொன்றுக்கு 35 சென்ட் கூலிக்கு உழைத்தனர். அவர்தம் தண்டனைக் காலமும் குறைக்கப்பட்டது. 1932இல் பிக்ஸ்பி பாலம் எழவே, பாதை மலையை விட்டுக் கடலோரத்துக்கு வந்தது. பல்லாண்டு உழைப்புக்குப் பின் 1937இல் சாலை முழுமையும் திறக்கப்பட்டது.

ஆயினும் தகர்க்கப்பட்ட மலை அடங்கிவிடவில்லை. 2017 பிப்ரவரியில் பெருமழையால் பைஃபர் பள்ளத்தாக்குப் பாலம் பழுதுற்றது. ஊர் இரண்டாகத் துண்டுபட்டது. புதிய பாலம் அக்டோபரில் திறக்கப்படும் வரை, மரங்களினூடே அமைத்த நடைபாதையே அங்கு வாழ்வோருக்குத் துணையாயிற்று. அதே ஆண்டு மே மாதம் மட் கிரீக் என்னுமிடத்தில் சரிந்த மலை, கால் மைல் நீளச் சாலையைப் புதைத்தது. குவிந்த மண்ணை முற்றிலும் அகற்றிப் பழைய தடத்தை மீட்க முயலாமல், அம்மண்ணின் மீதே புதுச்சாலை அமைத்தனர். அது 2018 ஜூலையில் திறக்கப்பட்டது. செலவு சுமார் 5 கோடியே 40 லட்சம் டாலர்.

இதே நெடுஞ்சாலை வடக்கே, சான் பிரான்சிஸ்கோவை அடுத்து, டெவில்ஸ் ஸ்லைடு என்னும் சரிவைக் கடந்து சென்றது. அங்கு 1995இல் ஏற்பட்ட சேதத்தால் 158 நாட்கள் போக்குவரத்து நின்றது. மலைமீது சுற்றுச்சாலை அமைக்க நெடுஞ்சாலைத் துறை விழைந்தது. இயற்கை வளம் அழியுமெனக் கருதிய மக்களோ சுரங்கவழியே வேண்டுமென்றனர். 1996இல் சான் மட்டேயோ மாவட்டத்தில் நடந்த வாக்கெடுப்பில் அவர்கள் கருத்தே வென்றது. 2013இல் இரட்டைச் சுரங்கம் திறக்கப்பட்டது. கைவிடப்பட்ட சாலை மறு ஆண்டில் நடைபாதையாயிற்று.

தெற்கே பியத்ராஸ் பிளாங்காஸ் பகுதியில், அலைகள் கரையை அரித்து வருவதைக் கண்டு, சுமார் நாலரைக் கிலோமீட்டர் நீளச் சாலையை உள்நிலத்துக்கு நகர்த்தினர். அப்பணி 2017இல் நிறைவுற்றது. இடிந்த பின் கட்டுவதினும், இடியுமுன் இடம் விடுதல் அறிவுடைமையன்றோ?

சாலை அறுபடும்போது பள்ளிக்கூடமும் மருத்துவமும் அன்றாடப் பிழைப்பும் எட்டாத தொலைவுக்குப் போய்விடுகின்றன. ஆதலின், சாலை எவ்வழிச் செல்லவேண்டும் என்று முடிவு செய்வோர், அந்த மண்ணின் இயல்பை ஆராய்வதோடு, அதன்மீது நாள்தோறும் நடப்போரின் சொல்லுக்கும் செவிசாய்த்தல் வேண்டும். காலடிகளே பாதையை உண்டாக்கின என்பதை இரு மொழிச் சொற்களும் நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன.