தேசியத் திரைப்படமும் உள்ளூர் அருங்காட்சியகமும்: டாசன் நகரப் படச்சுருள்களை முன்வைத்து

முன்னுரை

கனடாவில் 2014 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் கனடியத் தேசியத் திரைப்பட நாள் கொண்டாடப்பட்டு வருகிறது. திரையரங்குகளோடு நூலகங்கள், அருங்காட்சியகங்கள் முதலியவையும் அன்று கனடியப் படங்களைத் திரையிடுகின்றன. இங்குத் ‘தேசியத் திரைப்படம்’ என்பது அந்நாட்டார் எடுத்த படத்தையே குறிக்கிறது. ஓர் ஊரின் திரைப்பட வரலாற்றை அறிய இவ்வரையறை போதுமா என்பதை யூக்கான் பகுதியிலுள்ள டாசன் நகரச் சான்றுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

புதையுண்ட சுருள்கள்

தங்க வேட்டையால் உருவான டாசன், படவிநியோகத் தடத்தின் கடைசி ஊராக இருந்தது. படங்கள் வெளியாகிச் சில ஆண்டுகள் கழித்தே அங்கு வந்து சேர்ந்தன. திருப்பி அனுப்பும் செலவை விநியோகஸ்தர்கள் ஏற்க விரும்பாமையால் சுருள்கள் நூலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் தேங்கின. 1929இல் அவற்றுள் ஒரு பகுதி, கைவிடப்பட்ட நீச்சல்குளத்தைத் தூர்க்கப் பயன்பட்டது. 1978இல் புதிய கட்டடத்திற்காக நிலத்தைத் தோண்டியபோது 533 சுருள்கள் வெளிப்பட்டன. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களை உறைமண்ணின் குளிர் காத்திருந்தது. உள்ளூர் அருங்காட்சியகமும் மீட்புப் பணியில் பங்கேற்றது.

பகுப்பும் இழப்பும்

1979இல் மீட்கப்பட்ட படங்கள் சில டாசனின் பேலஸ் கிராண்ட் அரங்கில் திரையிடப்பட்டன. அவற்றுள் முதன்மையானது ‘பாலி ஆஃப் தி சர்க்கஸ்’ (1917) என்னும் அமெரிக்கப் படம். கிடைத்த சுருள்களுள் பெரும்பாலானவையும் அமெரிக்கப் படங்களே. 1919ஆம் ஆண்டின் ‘பிரிட்டிஷ் கனடியன் பாதே’ செய்திப்படத்திலும் அமெரிக்கப் பேஸ்பால் போட்டிக் காட்சிகள் இடம்பெற்றுள்ளன. பின்னர்ச் சுருள்களுள் பெரும்பகுதி வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்திற்குச் சென்றது. எஞ்சியவை ஒட்டாவாவில் வைக்கப்பட்டன. பாதுகாப்பு நோக்கில் இப்பகுப்பு ஏற்புடையதே. எனினும், ஓரூர் மக்கள் எவற்றையெல்லாம் பார்த்தனர் என்னும் ஒருமை இதனால் சிதைந்தது.

இதற்கு மறுதலையாக, கனடிய தேசியத் திரைப்பட வாரியத்தின் ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ (1957) டாசனைப் பற்றியே எடுக்கப்பட்ட ஆவணப்படம். தேசியத் திரைப்பட நாளுக்கு அதுவே இயல்பான தேர்வாகும். அது டாசனைப் பிறர் பார்த்த பார்வையைத் தருகிறது. புதையுண்ட சுருள்களோ டாசன் மக்கள் உலகைப் பார்த்த பார்வைக்குச் சான்றாகின்றன.

முடிவுரை

தயாரிப்பு நாட்டை அளவுகோலாகக் கொள்வது தேசிய ஆவணக்காப்பகத்தின் முறை. உள்ளூர் அருங்காட்சியகமும் அதையே பின்பற்றினால் பார்வையாளர் வரலாறு விடுபட்டுப்போகும். எனவே தேசியத் திரைப்படத்தைக் கொண்டாடும் திரையிடலில், நாட்டில் எடுக்கப்பட்ட படத்துடன் அவ்வூரில் பார்க்கப்பட்ட படமும் இடம்பெறுதல் வேண்டும். பிரிந்துபோன சுருள்களைப் படிகள் வழியாகவேனும் ஒருங்கே காட்டுவதற்கு உரிய இடம் உள்ளூர் அருங்காட்சியகமே.