ஹோல்டனைப் பிடிக்குமா, பிடிக்காதா? 70 வருஷமா முடியாத சண்டை

பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட 16 வயது பையன், வீட்டுக்குப் போகாமல் நியூயார்க்கில் சுற்றித் திரிகிறான். 1951-ல் வெளியான ஜே.டி.சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலின் கதை இவ்வளவுதான்.

ஆனா வாசகர்கள் ரெண்டு கட்சி. ‘என் மனசுல இருக்கறது அப்படியே இருக்கு’ என்கிறது ஒன்று. ‘வசதியான வீட்டுப் பையன், சும்மா புலம்புறான்’ என்கிறது இன்னொன்று. எல்லோரையும் ‘போலி’ என்று திட்டும் ஹோல்டன், தானே பொய்யாகச் சொல்லித் தள்ளுவான். எரிச்சல் வருவது நியாயம்தான்.

கெட்ட வார்த்தைகள் இருக்குன்னு பெரியவர்கள் எதிர்த்தது தனிக்கதை. 1960-ல் அமெரிக்காவின் டல்சா நகரில், இதைப் பாடமாக வைத்த ஆசிரியைக்கு வேலையே போனது. பிறகு வேலை திரும்பக் கிடைத்தது. புத்தகத்துக்குத்தான் பள்ளியில் இடமில்லை.

இந்தச் சண்டையில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போவது தம்பி ஆலியை. ரத்தப் புற்றுநோயில் இறந்தவன். அன்று இரவு, 13 வயது ஹோல்டன் கார் ஷெட் கண்ணாடிகளைக் கையாலேயே குத்தி உடைக்கிறான். அது தெரிந்து மறுபடி படித்தால் அந்தப் புலம்பல் வேற மாதிரி கேட்கும். ஆலியின் பேஸ்பால் கையுறை இன்னும் அவனிடம்தான் இருக்கு. ஆட்டத்துக்கு நடுவே சும்மா நிற்கும்போது படிக்க, ஆலி அதில் பச்சை மையில் கவிதைகள் எழுதி வைத்திருந்தான்.