வீட்டில் பல் வெண்மையாக்கல்

பல் மருத்துவமனை நாற்காலியில் அமராமல், வீட்டிலேயே பற்களின் நிறத்தை வெளுக்கச் செய்யும் முறைகளுக்கு வீட்டில் பல் வெண்மையாக்கல் என்று பெயர். மருத்துவர் அளவெடுத்துத் தரும் உறையில் ஜெல் இட்டு இரவில் அணிவது, கடையில் விற்கும் ஒட்டுப் பட்டைகள், வெண்மையூட்டும் பற்பசை, கரித்தூள், எலுமிச்சைச் சாறு என எல்லாமே இப்பெயரில் புழங்குகின்றன. பெராக்சைடு கலந்த ஜெல்லும் பட்டையும் பல்லின் உள்நிறத்தை மாற்றுகின்றன. மற்றவை பல்லின் மேற்பரப்பைத் துடைக்கின்றன, தேய்க்கின்றன அல்லது அரிக்கின்றன.

பல்லின் வெளிப்படலமான எனாமல் ஓரளவு ஒளியை ஊடுருவ விடுவது. அதனடியிலுள்ள டென்டின் இயல்பிலேயே மஞ்சள் சாயல் கொண்டது. வயது ஏற ஏற எனாமல் மெலிந்து டென்டின் தடிப்பதால் மஞ்சள் கூடித் தெரிகிறது. இது நோயன்று. காபி, தேநீர், புகையிலை, வெற்றிலைபாக்கு ஆகியவற்றின் கறை வேறு வகை. மேலே படியும் அந்தக் கறை மருத்துவரிடம் ஒருமுறை பல் சுத்தம் செய்துகொண்டாலே பெரும்பாலும் நீங்கிவிடும். வெளுக்கும் மருந்துக்கு அங்கே வேலை இல்லை.

வெளுக்கும் வேலையைச் செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. எனாமலைக் கடந்து உள்ளே சென்று, நிறம் தரும் மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றத்தால் உடைக்கிறது. இரவு உறைகளில் வழக்கமாக இடப்படும் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு, ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் யூரியாவாகவும் மெல்லப் பிரிகிறது. இதன் வெளுக்கும் குணம் தற்செயலாகத் தெரியவந்தது. 1960களின் இறுதியில், அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பல்வரிசை சீரமைப்பு மருத்துவரான பில் குளுஸ்மையர், ஈறுப் புண்ணுக்காகக் கொடுத்த கிருமிநாசினி பற்களையும் வெளுக்கச் செய்வதைக் கவனித்தார். வான் ஹேவுட், ஹரால்ட் ஹேமன் ஆகியோர் 1989இல் இரவு உறை முறையை ஆய்விதழில் வெளியிட்ட பிறகே அது உலகெங்கும் பரவியது.

உறை மெல்லிய, ஒளிபுகும் பிளாஸ்டிக்கால் ஆனது. பல்வரிசையின் அச்சில் வார்க்கப்படுவது. ஒவ்வொரு பல்லின் முன்பக்கம் படும் இடத்திலும் சிறு துளி ஜெல் போதும். அணிந்ததும் ஈறின் மேல் பிதுங்கி வருவதை உலர்ந்த பிரஷ்ஷாலோ விரலாலோ உடனே துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் படுத்தால் காலையில் ஈறின் ஓரம் வெளுத்து எரியும். அளவெடுக்காமல் கடையில் வாங்கும் பொது உறைகள் பல்வரிசையோடு பொருந்தாததால் ஜெல் கசிந்து ஈறைப் புண்ணாக்குகிறது. வழக்கமான மஞ்சள் சாயலுக்கு இரண்டு வாரம் போதும். குழந்தைப் பருவத்தில் உட்கொண்ட டெட்ராசைக்ளின் மருந்தால் சாம்பல் படர்ந்த பற்களுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

பலன் உண்டா? உண்டு. 2018இல் காக்ரேன் அமைப்பு 71 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தில்லாப் போலி ஜெல்லைவிடப் பெராக்சைடு பற்களை வெளுக்கச் செய்தது தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகள் குறுகிய காலத்தவை. சான்றின் உறுதியும் குறைவு என்று அதே தொகுப்பு சொல்கிறது. கிடைத்த வெண்மை நிலையானதும் அன்று. காலப்போக்கில் நிறம் ஓரளவு திரும்பும்.

முதன்மையான பக்கவிளைவு பல் கூச்சம். செறிவு கூடினால் கூச்சமும் கூடும். பொதுவாக அது லேசானது. சிகிச்சையை நிறுத்தியதும் தணிந்துவிடும். ஓரிரு இரவு விட்டுவிட்டு அணிவதும், பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையும் உதவும். சொத்தையோ விரிசலோ உள்ள பல்லில் மருந்து எளிதாக உள்ளே இறங்கும் என்பதால் முன்பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இச்சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்வதே வழக்கம்.

உண்மையான கேடு 'இயற்கை' என்ற பெயரில் வரும் முறைகளில்தான் இருக்கிறது. எனாமல் கரையத் தொடங்கும் அமில அளவு ஏறக்குறைய பிஎச் 5.5, எலுமிச்சைச் சாறு 2 முதல் 3 வரை. சாறு தடவிய கையோடு பிரஷ்ஷால் தேய்த்தால், இளகிய எனாமல் தேய்ந்தே போகும். அது மீண்டும் வளராது. எனாமல் மெலிய மெலிய அடியிலுள்ள மஞ்சள்தான் மேலும் துலங்கும். கரித்தூள் மேற்கறையைச் சுரண்டுமே தவிர வெளுக்காது.

கேப், பல்நிற அடைப்பு ஆகியவற்றின் நிறம் பெராக்சைடால் மாறாது. சுற்றியுள்ள பற்கள் வெளுத்தபின் அவை தனித்து மஞ்சளாகத் தெரியும். ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் உள்ளே உயிர்க்கூழ் செத்திருக்கலாம். அதற்கு எக்ஸ்ரேயும், தேவையானால் வேர் சிகிச்சையும்தான் முதலில் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் கொண்டுவந்த விதிப்படி, 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள அல்லது வெளியிடும் பொருட்களைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கலாம். முதல் பயன்பாடு மருத்துவரின் முன்னிலையில் நடக்க வேண்டும்; 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குத் தரக்கூடாது. அமெரிக்காவில் ஒட்டுப் பட்டைகளைக் கடையில் யாரும் வாங்கலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பரவலாகக் காணப்படும் பழுப்புப் பற்கள், நிலத்தடி நீரிலுள்ள மிகையான ஃபுளோரைடால் எனாமல் உருவாகும் பருவத்திலேயே ஏற்படுபவை. வெளுக்கும் ஜெல் இங்கே சுற்றுப்பகுதியை வெளுத்துத் திட்டுகளை ஓரளவு மறைக்கலாம். ஆழ்ந்த பழுப்புக்கு மேற்பரப்பை நுண்ணளவில் சீவுதல், வெனீர் ஒட்டுதல் போன்ற மருத்துவமனைச் சிகிச்சைகள் தேவைப்படும். இவ்விரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கவே வகுக்கப்பட்டு, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது.